இருமுகப் பலகை

வரலாறு அறிய விரும்புவோர் கோட்டைகளைக் காண்பர், கோயில்களைக் காண்பர், அரும்பொருளகங்களுக்குச் செல்வர். மதுக்கடைக்குச் சென்று வரலாறு கற்றேன் என ஒரு தலைமையாசிரியன் கூறினால் நகைப்பீர்கள். ஆயினும் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் உள்ள ஒரு மதுக்கடை, யான் முப்பது ஆண்டுகளாக வகுப்பில் கூறிவந்த ஒரு கதையைத் திருத்திக்கொள்ளுமாறு செய்தது. அதனை ஆசிரிய அன்பர்களிடம் சொல்லிவிடுவது கடமை எனக் கருதுகிறேன்.

கடையும் பலகையும்

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், அந்நகரில் மேற்படிப்புப் படிக்கும் என் மகளைக் காணச் சென்றிருந்தேன். எடின்பரோவின் பழைய நகர் ஒரு மலைமுதுகின்மேல் அமைந்தது. உச்சியில் கோட்டை, தாழ்வில் ஹோலிரூட் அரண்மனை. இரண்டையும் இணைக்கும் நெடுந்தெருவை ‘ராயல் மைல்’ என்பர். தெருவின் இருமருங்கிலும் உயர்ந்த கல்மாடங்கள். அவற்றிடையே ‘குளோஸ்’ எனப்படும் குறுகிய சந்துகள். பழைய நகரும் அதனை அடுத்த புதிய நகரும் 1995-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே சுற்றுலாவினர் வராத நாளில்லை.

இத்தெருவின் மேற்பகுதிக்கு ‘லான்மார்க்கெட்’ என்று பெயர். அதன் மூலையொன்றில் ‘டீக்கன் பிராடிஸ் டேவர்ன்’ என்னும் மதுக்கடை இருக்கிறது. “உள்ளே போய் உணவருந்தலாம், அப்பா” என்றாள் மகள். யான் தயங்கினேன். தோட்டத்துக் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் யான். அந்நாட்டு வழக்கம் வேறு என்று அவள் விளக்கினாள். ‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். ‘பொது இல்லம்’ என்பது பொருள். குடிப்போரும் வருவர், உணவுக்காகவே குடும்பத்தோடு வருவோரும் உண்டு. வேண்டியதை மேடையருகே சென்று கேட்டு, அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து அமர்வது பொதுவான வழக்கம். யான் ஆப்பிள் சாற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

என் கருத்தைக் கவர்ந்தது வாயிலில் தொங்கும் பலகை. ஒரு பக்கத்தில், உயர்ந்த உடையணிந்த கனவான். மறுபக்கத்தில், முகமூடி அணிந்த கள்வன். இருவரும் ஒருவரே.

மதுக்கடைகளுக்குப் படப்பலகை வைக்கும் வழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், 1393-இல், ‘ஏல்’ என்னும் மதுவை வடித்து விற்போர் வாயிலில் அடையாளம் ஒன்றைத் தொங்கவிடல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாத காலம் அது. எனவே படமே பெயராயிற்று.

பகலில் ‘அவர்’, இரவில் ‘அவன்’

வில்லியம் பிராடி 1741-இல் பிறந்தவர். தந்தை பிரான்சிஸ் பிராடி புகழ்பெற்ற தச்சர். கடைக்கு எதிர்ப்புறமுள்ள ‘பிராடிஸ் குளோஸ்’ என்னும் சந்து அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. ‘டீக்கன்’ என்றவுடன் தேவாலயப் பணியாளர் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்காட்லாந்து நகரங்களில் தொழிற்குழுவின் தலைவருக்கும் அதுவே பெயர். பிராடி தச்சர் குழுவின் தலைவர். நகர மன்றத்தில் இடம்பெற்றவர். 1782-இல் தந்தை இறந்தபோது பெருஞ்செல்வமும் அவரை வந்தடைந்தது.

அலமாரிகள் செய்வதோடு, பூட்டுப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் அவருடைய தொழிலில் அடங்கும். ஆகவே நகரத்துச் செல்வர் வீடுகளின் கதவுகள் அவருக்குத் திறந்தே இருந்தன. வணிகர்கள் கடைச் சாவியைக் கதவின் பின்புறம் ஆணியில் மாட்டி வைப்பது வழக்கம். பிராடி அதனை மென்களிம்பில் அழுத்தி அச்செடுத்துக்கொள்வான். பின்னர் மாற்றுச் சாவி செய்து இரவில் வருவான்.

மேற்கண்ட வரிகளில் ‘அவர்’ என்று தொடங்கிய யான் ‘வருவான்’ என்று முடித்ததைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். நம் மொழியிலோ, அந்தப் பலகையின் இரு பக்கங்களும் ஒரு விகுதியிலேயே தெரிந்துவிடுகின்றன.

தந்தை விட்டுச் சென்ற செல்வமும் போதாதபடி அவனைச் சூதும் சேவற்போரும் பற்றியிருந்தன. ஊரறியாத இரு குடும்பங்களையும் அவன் காத்துவந்தான். ஸ்மித், ஐன்ஸ்லி, பிரௌன் என்னும் மூவரைச் சேர்த்துக்கொண்டு, 1788 மார்ச் 5-ஆம் நாள் இரவு, செசல்ஸ் கோர்ட் என்னுமிடத்திலிருந்த சுங்கவரி அலுவலகத்தில் புகுந்தான். பெருந்தொகை கிடைக்கும் என நம்பியவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 16 பவுன்தான். பிரௌன் காட்டிக்கொடுத்தான். பிராடி ஆலந்துக்குத் தப்பி ஓடினான். அங்கும் விதி விடவில்லை. கப்பலில் உடன் வந்த ஒருவரிடம் நண்பர்களுக்கென அவன் கொடுத்தனுப்பிய கடிதங்களே அவன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. ஆம்ஸ்டர்டாம் நகரில் பிடிபட்டான். ஆகஸ்டு 27-ஆம் நாள் தொடங்கிய வழக்கு, இரவும் தொடர்ந்து, மறுநாள் முடிந்தது. 1788 அக்டோபர் 1-ஆம் நாள் ஸ்மித்தும் அவனும் பழைய சிறைக்கூடத்தில் தூக்கிலிடப்பட்டனர். அச்சிறை 1817-இல் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில், கற்களால் பதித்த ஓர் இதய வடிவம் இன்றும் தெருவில் காணப்படுகிறது.

கதையின் பிறகதை

எடின்பரோவில் 1850-இல் பிறந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் வீட்டில் பிராடி செய்த அலமாரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தே வளர்ந்த அவர், ஹென்லி என்பவரோடு சேர்ந்து பிராடியைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். 1886-இல் வெளிவந்த அவருடைய ‘டாக்டர் ஜெகில், மிஸ்டர் ஹைடு’ கதைக்கும் பிராடியின் இரட்டை வாழ்வு ஒரு வித்து என்பர். அவ்வலமாரி இன்று அதே தெருவை ஒட்டிய எழுத்தாளர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. யான் அதன்முன் நெடுநேரம் நின்றேன். திருடனின் வேலை என்று சொல்ல முடியாத அளவுக்குச் செம்மையான வேலை அது.

யான் செய்த பிழை

இனி என் செய்திக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள்களில் இக்கதையை ஒரு விரிவுரையாளர் வாயிலாகக் கேட்டேன். “நகருக்குப் புதிய தூக்குமரம் அமைத்துக் கொடுத்தவனே பிராடிதான், அவன் செய்த மரத்திலேயே அவன் தொங்கினான்” என்று அவர் முடித்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? அன்று முதல் நன்னெறிக் கல்விப் பாடத்தில் ஆண்டுதோறும் அதனைச் சொல்லிவந்தேன். வகுப்பு மூச்சடங்கிக் கேட்கும்.

அக்கடையின் எதிரே நின்று ஒரு வழிகாட்டியும் அவ்வாறே சொன்னார். யான் மகிழ்ச்சியோடு தலையசைத்தேன். மகளோ, “அப்பா, அதற்குச் சான்று இருக்கிறதா?” என்று கேட்டாள். மறுநாள் நூலகத்திலிருந்து, வில்லியம் ரஃப்ஹெட் பதிப்பித்த பிராடி வழக்கு நூலைக் கொண்டுவந்து வைத்தாள். சாவியும் கடிதமும் திருட்டும் சான்றோடு நின்றன. தூக்குமரக் கதை நிற்கவில்லை. அவன் அதனைச் செய்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே ஆய்ந்தோர் முடிவு.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கதை தவறாயிற்றே என்பதால் அன்று. என்னிடம் படித்தவருள் சிலர் இன்று ஆசிரியர்கள். ஒருவர் இக்கதையைத் தம் வகுப்பில் சொல்வதாக என்னிடமே பெருமையோடு கூறியிருக்கிறார். ‘ஐயா சொன்னார்’ என்பதே அவருக்குச் சான்று. எடின்பரோ வணிகர்கள் பிராடியை நம்பி ஆணியில் மாட்டிய சாவியும், மாணவர் நம்மை நம்பித் திறந்து வைக்கும் உள்ளமும் ஒன்றே. அவன் அறிந்தே திருடினான். யான் அறியாமல் தவறினேன். ஆனால், நீதி இனிக்கிறது என்பதற்காகச் செய்தியைச் சோதியாமல் விட்டது என் குற்றமே.

வரலாற்றைக் காட்டி விற்கும் கடைகள் தீயவை அல்ல. தன் ஊரில் பிறந்த ஒரு கள்வனை மறைக்காமல், நல்ல முகத்தையும் கெட்ட முகத்தையும் ஒரே பலகையில் தொங்கவிட்டிருக்கும் நகரம் நேர்மையானதே. ஆனால் பலகை பாடநூல் ஆகாது. அது நம்மை உள்ளே அழைக்கும். உண்மையைத் தேடுவது நம் வேலை.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு மாணவரிடம் நடந்ததைச் சொன்னேன். கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன்: இதனைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யார் இதனை உறுதிப்படுத்துகிறார்? பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, “அப்படியென்றால் ஐயா, நீங்கள் சொன்ன வேறு எந்தக் கதையெல்லாம் தவறு?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. யானும் சிரித்தேன். பின்னர் அவளுக்கு விடையளிப்பதற்காக, என் பழைய பாடக்குறிப்பேடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். இன்னும் படித்து முடிக்கவில்லை.