அரித்த கலனுக்கு எந்த விதிநூல்?

சுத்திகரிப்பு ஆலையில் நிற்கும் அழுத்தக்கலன்களின் உடம்பில் ஒரு சிறு உலோகப் பட்டை பொருத்தியிருப்பார்கள். அதில் 'யு' முத்திரை இருந்தால், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிநூல்படி கட்டப்பட்ட கலன் அது. அந்த நூலின் 8-ஆம் பிரிவு அது. கலன் அரித்துப்போய் வெல்டிங் வேலை வரும்போது பலரும் அந்தப் பட்டையைப் பார்த்து அதே நூலைத்தான் எடுக்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. 8-ஆம் பிரிவு, புதிதாகக் கட்டும் கலனுக்கான நூல். தகட்டின் தடிமன், வெல்டிங், சோதனை எல்லாம் அதில் துல்லியமாக உண்டு. ஆனால் கலனுக்குள் பத்து வருடமாக என்ன ஓடியது, அது இரும்பை என்ன செய்தது என்று அதனிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ரோமியோவில் என்ற ஊருக்கு அருகே இருந்த யூனியன் ஆயில் ஆலையில் நடந்ததை இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை அமீன் கரைசலால் பிரித்தெடுக்கும் உயரமான கலன் ஒன்று அங்கே இருந்தது. இப்படிப்பட்ட சூழலில் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள்ளேயே நுழைந்துவிடும். தகடு கொப்புளம் கண்டதால் 1974-இல் ஒரு வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது வளையம் பற்றவைத்தார்கள். தகட்டின் தடிமன் 25 மி.மீ. அந்தத் தடிமனுக்கு வெல்டிங்குக்குப் பின் சூடேற்றிப் பதப்படுத்துவது கட்டாயமில்லை என்றது கட்டுமான நூல், செய்யவும் இல்லை.

நூல்படி பார்த்தால் அதில் குற்றமில்லை. ஆனால் பதப்படுத்தாத வெல்டிங்கின் ஓரத்தில் எஃகு இறுகி, கடினமான ஒரு பட்டையாக நின்றுவிட்டது. ஹைட்ரஜன் அந்தக் கடினமான இடத்தைத்தான் பிளக்கும். விரிசல் உட்புறமிருந்து மெல்ல மெல்ல வளர்ந்தது. 1984 ஜூலை 23 அன்று, சுமார் 15 செ.மீ. நீள விரிசலிலிருந்து வாயு கசிவதை ஓர் ஊழியர் பார்த்தார். வால்வை மூட முயன்றார்; விரிசல் நீண்டுகொண்டே போனது. ஆலையின் தீயணைப்புக் குழு வந்து சேர்ந்த நேரத்தில் கலன் பிளந்து வாயு தீப்பற்றியது. கலனின் மேல்பகுதி ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அணைக்க வந்தவர்கள்.

பயன்பாட்டில் இருக்கும் கலனுக்கென்றே நூல்கள் இருக்கின்றன. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தின் சட்டம். இந்தியாவில் அழுத்தவாயுக் கலன் என்றால் 2016-ஆம் ஆண்டின் அழுத்தக்கலன் விதிகளும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் குறுக்கே வரும். அவற்றைத் தாண்டி எந்த நூலும் பேசாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள், கொதிகலன், அழுத்தக்கலன் ஆய்வாளர்களின் அமைப்பான நேஷனல் போர்டின் விதிநூலைக் கேட்கின்றன. எண்ணெய், பெட்ரோகெமிக்கல் ஆலைகளில், அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனமான ஏ.பி.ஐ.யின் 510-ஆம் எண் விதிநூல் நடைமுறையில் இருக்கிறது.

ஏ.பி.ஐ. 510 கேட்கும் கேள்வியே வேறு: இந்தக் கலன் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? பெயின்டைச் சுரண்டி, கொஞ்சம் ஜெல் தடவி, அல்ட்ராசோனிக் கருவியின் முனையைத் தகட்டில் வைக்கிறார் இன்ஸ்பெக்டர். 20 மி.மீ. இருந்த தகடு பத்து வருடத்தில் 18 ஆகியிருக்கிறது. அழுத்தம் தாங்கக் குறைந்தது 15 வேண்டும் என்று வையுங்கள். வருடத்துக்கு 0.2 மி.மீ. கரைகிறது, மிச்சம் 3 மி.மீ., ஆக 15 வருட ஆயுள். அதில் பாதி அல்லது பத்து வருடம், இரண்டில் எது குறைவோ அதற்குள் மறுபடி உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். இங்கே அது ஏழரை வருடம்.

தடிமன் குறைந்தபட்சத்துக்கும் கீழே போய்விட்டாலும் உடனே வெல்டரைக் கூப்பிட வேண்டியதில்லை. பழுதுபட்ட கலன் இன்னும் தாங்குமா என்று பார்க்கும் ஏ.பி.ஐ. 579 வழியாகக் கணக்கிட்டால், அரித்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று தெரியவரலாம். தேவையில்லாத வெல்டிங், நல்ல தகட்டில் புதிதாக ஒரு பலவீனத்தை உண்டாக்குவதும் உண்டு. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஏ.எஸ்.எம்.இ.யின் பி.சி.சி.-2 வழிமுறை சொல்கிறது: மேலே உலோகம் படியவைப்பதா, வெட்டிவிட்டுப் புதுத் துண்டு பதிப்பதா, மேலொட்டுப் போடுவதா என்று. மேலொட்டின் மூலைகளை வளைத்தே வெட்ட வேண்டும். கூர்மூலையில் தகைவு குவியும்.

இதற்குப் பிறகுதான் 8-ஆம் பிரிவு மேசைக்கு வருகிறது, தகட்டுத் தேர்வுக்கும் வலிமைக் கணக்குக்கும். அமீன் கலன் என்றால், வெல்டிங் முடிந்ததும் சூடேற்றிப் பதப்படுத்திவிட்டு, அந்த இடத்தின் கடினத்தன்மையை அளப்பார்கள். பிரினெல் அளவில் 200-ஐத் தாண்டக் கூடாது.