காசு கொடுத்தும் சொந்தம் இல்லை!

கம்ப்யூட்டரை மாற்றினால் புரோகிராம் கூட வருமா?

வீடு மாறுகிறோம். அண்டா, குண்டா, கட்டில் எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. குத்துவிளக்கும் வருகிறது. "நான் பழைய வீட்டில்தான் எரிவேன். புது வீட்டில் எரிய வேண்டுமானால் என்னை மறுபடியும் விலை கொடுத்து வாங்கு" என்று அந்தக் குத்துவிளக்கு சொன்னால் எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் உலகில் இது தினமும் நடக்கிறது!

எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடை நோட்டீசு... இவைதான் அவருடைய பிழைப்பு. மனைவியின் வளையலை அடகு வைத்து, பக்கம் அமைக்கும் புரோகிராம் ஒன்றை வாங்கினார். கம்ப்யூட்டரை வேலை வாங்கும் கட்டளைகளின் தொகுப்புக்குத்தான் புரோகிராம் என்று பெயர். சாப்ட்வேர் என்று சொல்வதும் இதைத்தான்.

பல வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது. மகன் வேறு கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தான். பழைய புரோகிராமை அதில் போட்டார். ஓடவில்லை! விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார்.

"ஐயா, நீங்கள் வாங்கியது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு. இப்போது வைத்திருப்பது மேக். அதற்கு வேறு லைசென்சு வேண்டும்."

"உங்களிடம்தான் மேக்குக்கும் இருக்கிறதே! மாற்றிக் கொடுங்கள்."

"மாற்ற முடியாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும்."

"நான் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஆயிற்றே?"

"பொருளை நீங்கள் வாங்கவில்லை, ஐயா. அதை உபயோகிக்க அனுமதிதான் வாங்கினீர்கள்!"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பணம் போனது ஒரு பக்கம். அவர் செய்து வைத்த பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அந்தப் புரோகிராமில்தான் திறக்கும். பெட்டிக்குள் இருப்பது அவருடைய உழைப்பு. சாவியோ வேறு ஒருவர் கையில்!

காரணம் இரண்டு

ஏன் இப்படி? காரணம் இரண்டு.

ஒன்று, தொழில்நுட்பம். விண்டோசுக்கு எழுதிய புரோகிராம் மேக்கில் அப்படியே ஓடாது. மேக்குக்கென்று தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு உழைப்பு உண்டு. கூலி கேட்பதில் தப்பு இல்லை.

இரண்டாவது, ஒப்பந்தம். புரோகிராமைப் போடும்போது நீளமான சாசனம் ஒன்று திரையில் வரும். நாம் படிக்காமல் "சம்மதம்" என்று அமுக்கிவிடுகிறோம். எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம், வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாமா, பிறருக்கு விற்கலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

புதுக் கம்ப்யூட்டருடன் சேர்ந்து வரும் விண்டோஸ், பொதுவாக அந்த ஒரு கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. தனியாக விலை கொடுத்து வாங்கிய விண்டோசை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். பெயர் ஒன்று, உரிமை வேறு!

கோர்ட்டு ஏறிய வழக்குகள்

மேக் கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படைப் புரோகிராமை, ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டுமே போடலாம் என்பது அதன் ஒப்பந்தம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் சைஸ்டார் என்ற சிறிய கம்பெனி, 2008-ல் வேறு கம்ப்யூட்டரில் அதைப் போட்டு விற்றது. ஆப்பிள் கோர்ட்டுக்குப் போனது. 2009-ல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாக வந்தது.

ஐரோப்பாவில் இன்னொரு வழக்கு. ஒருவர் உபயோகித்த லைசென்சை வாங்கி, இன்னொருவருக்கு விற்று வந்தது ஒரு ஜெர்மன் கம்பெனி. ஆரக்கிள் கம்பெனி அதை எதிர்த்தது. ஐரோப்பிய யூனியன் கோர்ட்டு 2012 ஜூலை 3-ந் தேதி தீர்ப்பு சொன்னது. ஒரு விலை வாங்கிக்கொண்டு நிரந்தர உரிமை கொடுத்தால் அது விற்பனைதான். வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கலாம். ஆனால் தன்னிடம் உள்ளதை உபயோகிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும்! இதுதான் தீர்ப்பின் சாரம். இது ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இப்போது பல கம்பெனிகள் விற்பதையே விட்டுவிட்டு, வாடகை முறைக்கு மாறிவிட்டன. படம், பக்கம் அமைக்கும் புரோகிராம்களுக்குப் பெயர்போன அடோபி 2013-ல் இப்படி மாறியது. வாடகை நின்றால் வேலையும் நிற்கும்!

பூட்டு இல்லாத புரோகிராம்

இந்தப் பூட்டே வேண்டாம் என்று ஒருவர் கிளம்பினார். அவர் பெயர் ரிச்சர்டு ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். யாரும் உபயோகிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு புரோகிராம்களைச் செய்யப்போவதாக 1983-ல் அறிவித்தார். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், "லினக்ஸ்" என்பதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21!

கடிதம் எழுத, கணக்குப் போட உதவும் லிப்ரே ஆபீஸ் இந்த வகையைச் சேர்ந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விலையும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

புரோகிராம் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள். எத்தனை கம்ப்யூட்டருக்கு? வேறு வகைக் கம்ப்யூட்டருக்கு மாறினால் செல்லுமா? ஒரே விலையா, வாடகையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரசீதையும் லைசென்சு எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடும் முன், அதில் உள்ள லைசென்சை விடுவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில புரோகிராம்கள் புதிய கம்ப்யூட்டரில் திறக்காது.

உங்கள் வேலையைப் பி.டி.எப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதைத் திருத்துவது கடினம். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும், அச்சடிக்கலாம்.

அச்சகக்காரர் என்ன செய்தார்? முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டது. வேறு வழி இல்லை. கடன் வாங்கி, இரண்டாவது தடவையும் பணம் கட்டினார். அதன் பிறகு அவர் கடையில் ஒரு வழக்கம். யார் எதை விற்க வந்தாலும், விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறார்:

"தம்பி, நான் கம்ப்யூட்டரை மாற்றினால் இது என்னோடு வருமா?"

நீங்களும் கேளுங்கள்!