கடன் அட்டையில் ரொக்க முன்பணம்

கடன் அட்டை ரொக்க முன்பணம் என்பது, கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையைப் பயன்படுத்தி ஏடிஎம் இயந்திரத்திலோ வங்கிக் கிளையிலோ பணமாகவே எடுக்கப்படும் கடன் ஆகும். கடையில் பொருள் வாங்குவதும் ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் ஒரே மாதப் பட்டியலில் வந்தாலும், இரண்டுக்கும் வட்டி கணக்கிடும் முறை வேறு. பொருள் வாங்கிய தொகைக்கு வட்டியில்லாக் காலம் உண்டு. ரொக்கத்துக்கு அது இல்லை. பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி தொடங்குகிறது, தனிக் கட்டணமும் சேர்கிறது. இந்தியாவில் வழக்கத்தில் உள்ள முறை இங்கு விளக்கப்படுகிறது.

ரொக்க வரம்பு

அட்டையின் மொத்தக் கடன் வரம்பு முழுவதையும் பணமாக எடுக்க இயலாது. அதில் ஒரு பகுதியே ரொக்க வரம்பாக ஒதுக்கப்படும். பல வங்கிகளில் இது 20% முதல் 40% வரை இருக்கும். மாதப் பட்டியலில் கடன் வரம்புக்கு அருகில் ரொக்க வரம்பு தனியாக அச்சிடப்படுகிறது. அது வட்டியின்றிக் கிடைக்கும் பணத்தின் அளவைக் குறிப்பதன்று. எடுக்கக்கூடிய உச்ச அளவை மட்டுமே குறிக்கிறது.

செலவின் கூறுகள்

ரொக்க முன்பணத்துக்கு ஆகும் செலவு மூன்று வகைப்படும்.

1. முன்பணக் கட்டணம்: ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விதிக்கப்படுவது. பல வங்கிகளில் இது எடுத்த தொகையில் 2.5%, குறைந்தது 500 ரூபாய் என உள்ளது. பணத்தை மறுநாளே கட்டினாலும் இக்கட்டணம் திரும்பக் கிடைக்காது.

2. வட்டி: பெரும்பாலான சாதாரண அட்டைகளில் மாதம் 3.5% அல்லது அதையொட்டிய விகிதம். ஊர் வழக்கில் சொன்னால் இது நூற்றுக்கு மூன்றரை வட்டி, ஆண்டுக்கு 42%. வட்டி நாள் கணக்கில் கணக்கிடப்படுகிறது.

3. வரி: கட்டணத்தின் மீதும் வட்டியின் மீதும் 18% சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. பொதுவாகக் கடன் வட்டிக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உள்ளது. ஆனால் கடன் அட்டை வட்டிக்கு அந்த விலக்கு இல்லை.

வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்தால் இவற்றுடன் நாணய மாற்றுக் கட்டணமும் சேரும்.

எடுத்துக்காட்டு

ஒருவர் சூன் 5 அன்று 20,000 ரூபாய் எடுக்கிறார். பட்டியல் நாள் சூன் 20; கெடு நாள் சூலை 10. வட்டி ஆண்டுக்கு 42%. கெடு நாளில் பட்டியல் தொகை முழுவதையும் கட்டிவிடுகிறார் எனக் கொள்வோம்.

ஒரு நாள் வட்டி: 20,000 × 42% ÷ 365 = ஏறத்தாழ 23 ரூபாய்
35 நாள் வட்டி: 805 ரூபாய்
வட்டி மீது வரி: 145 ரூபாய்
முன்பணக் கட்டணம்: 500 ரூபாய்
கட்டணம் மீது வரி: 90 ரூபாய்
மொத்தச் செலவு: 1,540 ரூபாய்

இதே 20,000 ரூபாய்க்கு அதே நாளில் கடையில் பொருள் வாங்கி, கெடு நாளில் முழுவதும் கட்டியிருந்தால், முந்தைய பாக்கி ஏதும் இல்லாத நிலையில் வட்டி ஒரு ரூபாய்கூட இராது. ரொக்கமாக எடுத்ததற்கு 35 நாளில் 7.7% செலவாகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது 80 விழுக்காட்டை எட்டும். விளம்பரத்திலும் விதிமுறைத் தாளிலும் காணும் 42% என்பது வட்டியை மட்டுமே குறிப்பதால் இந்த வேறுபாடு ஏற்படுகிறது.

தொகை சிறிதானால் சுமை இன்னும் கூடும். 5,000 ரூபாய் எடுத்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் 500 ரூபாய்தான். அதே 35 நாளுக்கு மொத்தச் செலவு 828 ரூபாய், அதாவது எடுத்த தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

முழுத் தொகை கட்டியும் வரும் வட்டி

மேற்கண்ட எடுத்துக்காட்டில் சூன் 20 பட்டியலில் 20,997 ரூபாய் காட்டப்படும். அதில் 15 நாள் வட்டி மட்டுமே அடங்கும். சூன் 20 முதல் சூலை 10 வரையிலான 20 நாள் வட்டியும் வரியும் சேர்ந்த 543 ரூபாய் அடுத்த பட்டியலில் வரும். "கணக்கை முடித்துவிட்டேன், பிறகும் ஏன் வட்டி?" என்று பல வாடிக்கையாளர்கள் கேட்பதற்குக் காரணம் இதுவே. புதிய கடன் ஏதுமில்லை என்று எண்ணி அந்தப் பட்டியலைக் கவனிக்காமல் விட்டால், தாமதக் கட்டணம் சேர்வதோடு கடன் மதிப்பெண்ணும் பாதிக்கப்படலாம்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால்

பட்டியலில் குறிப்பிடப்படும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி நிற்காது. 20,000 ரூபாய் பாக்கிக்கு மாத வட்டி 700 ரூபாய், வரி 126 ரூபாய். கட்டும் தொகையில் பெரும்பகுதி இவற்றுக்கே போவதால் அசல் மெதுவாகவே குறையும்.

மேலும், பாக்கி இருக்கும் வரை அந்த அட்டையில் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ரொக்கத்துக்கு மட்டும் இருந்த வட்டி, மளிகைக்கும் மருந்துக்கும் பரவுகிறது.

செலவு மிகுவதற்கான காரணம்

அட்டையால் பொருள் வாங்கும்போது கடைக்காரர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குச் சேர்கிறது. வட்டியில்லாக் காலத்தை அளிக்க இதுவும் உதவுகிறது. ரொக்கம் எடுக்கும்போது இடையில் கடைக்காரர் இல்லை. வேறு வங்கியின் ஏடிஎம் என்றால் அட்டை வழங்கிய வங்கியே அதற்குக் கட்டணம் தர வேண்டும். ஈடு ஏதுமில்லாத கடன் என்பதும், ரொக்கம் எடுப்பதைப் பண நெருக்கடியின் அறிகுறியாக வங்கிகள் கருதுவதும் பிற காரணங்கள்.

சட்ட நிலை

2008 சூலையில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கெடு தவறிய கடன் அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை எனத் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 திசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. எனவே அந்த 30% வரம்பு இப்போது நடைமுறையில் இல்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிமுறைகள், செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலுடன் சேர்த்து அவற்றுக்கு வட்டி கணக்கிடுவதைத் தடுத்தன. பொருள் வாங்குதல், ரொக்க முன்பணம் ஆகியவற்றுக்கான ஆண்டு விகிதங்களைத் தனித்தனியே தெரிவிக்க வேண்டும் என்றும் கூறின.

செலவைக் குறைத்தல்

வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், பட்டியல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 20,000 ரூபாயைப் பத்தாம் நாளே கட்டினால் மொத்தச் செலவு 1,540 ரூபாயிலிருந்து 862 ரூபாயாகக் குறையும். பலமுறை சிறு தொகையாக எடுப்பதைவிட ஒரே முறை எடுப்பது கட்டணத்தை மிச்சப்படுத்தும். கடையோ மருத்துவமனையோ அட்டையை ஏற்குமானால், ரொக்கம் எடுத்துக் கொடுப்பதைவிட அங்கேயே அட்டையைத் தேய்ப்பது மலிவு. வீட்டில் நகை இருந்தால், ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் பணத்துக்கு வங்கி நகைக்கடனின் வட்டி இதில் ஒரு சிறு பங்குதான்.