உங்களுக்குத் தெரியுமா? வேகக் காரின் மைலேஜ்

2013-இல் இந்தியச் சந்தையில் பிரவேசித்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைப் பத்து விநாடிக்குள் எட்டிவிடும் என்று விளம்பரம் பெற்றது. அதே காருக்கு லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர் என்று சான்றளித்த சோதனையிலோ, 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கே 26 விநாடி அவகாசம் உண்டு. ஆய்வுக்கூடத்து உருளைகளின்மேல், ஏ.சி.யை நிறுத்திவைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், சுமார் இருபது நிமிஷம் ஓட்டிப் பெற்ற அந்த எண் பொய்யன்று. ஆயினும், அத்தகைய சாத்விகமான ஓட்டத்துக்காகவா ஒருவர் இதுபோன்ற டர்போ கார் வாங்குகிறார்? ஆக்ஸிலரேட்டரை ஆழ அழுத்துந்தோறும் டர்போ அதிகக் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்க, அதன் விகிதத்துக்கேற்பப் பெட்ரோலும், சில சமயம் உஷ்ணத்தைத் தணிக்கும் நிமித்தம் அதற்கு மேலும் சற்று, உள்ளே பாய்ந்தாக வேண்டியிருப்பதால், 1.2 லிட்டர் என்ஜினின் சிக்கனம் நகர நெரிசலில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.