பின்தொடர்வோருக்கு மருத்துவமும் ஆயரின் எல்லையும்

வந்தவாசி வட்டாரத்தில் நாம் ஆயர்ப்பணி ஆற்றிய காலத்தில், ஒரு மாலையில் நெசவாளர் குடும்பத்தார் சிலர் நம் இல்லத்திற்கு வந்தனர். ஆரணியிலிருந்து பாவு வாங்கி வீட்டுத் தறியில் பட்டு நெய்பவர்கள். அவர்களுடைய மகனுக்கு இருபத்தாறு வயது. சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணை அவன் ஓராண்டாகப் பின்தொடர்ந்து வந்தான். அவள் ஏறும் பேருந்தில் ஏறுவான்; வேலை முடிந்து அவள் திரும்பும்வரை தெருமுனையில் நிற்பான்; இரவில் தொலைபேசியில் ஓயாமல் அழைப்பான். அவள் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். "ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பெண் வீட்டார் கேட்பார்கள். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறான்" என்று தாய் அழுதார்.

நாம் சென்றோம். அவன் எழுதிய மன்னிப்புக் கடிதத்தைப் பெண்ணின் தந்தையிடம் கொடுத்து, ஜெபித்து, ஒப்புரவு உண்டாயிற்று என்று எண்ணித் திரும்பினோம். ஒரு வாரத்திற்குள் அவன் மீண்டும் அதே தெருமுனையில் நின்றான். "கடிதத்தை வாங்கிக்கொண்டார்களே, கிழித்துப் போடவில்லையே" என்பது அவன் வாதம். நம்முடைய தூதே அவனுடைய நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்தது. (ஆட்களை இனங்காண இயலாதவாறு சிலவற்றை மாற்றியே எழுதுகிறோம்.)

அதன் பின்னரே இரண்டாம் சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரம் நமக்கு வேறுவிதமாக விளங்கியது. அம்னோன் தாமாரை எண்ணி உடல் மெலிகிறான். அவன் மெலிவதை யோனதாப் காண்கிறான். அவன் படுத்திருப்பதைத் தாவீது காண்கிறார். நோயாளியின்மேல் எல்லாருக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அந்த நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து தாமாரை அவன் அறைக்கு அனுப்புவதே. பணியாரம் செய்யச் சென்ற பெண்ணின் கதி என்னவாயிற்று என்பதை வாசகர் அறிவர். அம்னோனுக்கு உதவி தேவைப்படவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அவ்வுதவி தாமாரின் வழியாக வந்திருக்கலாகாது.

இக்காலத்து உளமருத்துவமும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. பின்தொடர்பவனுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அச்சிகிச்சையில் பின்தொடரப்பட்ட பெண்ணுக்குப் பங்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் பால் மல்லனும் அவருடைய உடன்பணியாளரும் இத்தகையோர் 145 பேரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரை அவர்களை ஐந்து வகையாகப் பிரித்தது. உறவு முறிந்தபின் விடமறுப்பவர், இல்லாத நெருக்கத்தைத் தேடுபவர், பழகத்தெரியாது விரட்டுபவர், மனக்கசப்பால் பழிதீர்க்க முயல்பவர், தாக்குவதற்காகவே வேவு பார்ப்பவர் என்பன அவை. வகை மாறினால் மருத்துவமும் மாறும் என்பதே இப்பகுப்பின் பயன்.

முன்பின் பேசியிராத ஒருத்தி தன்னைக் காதலிக்கிறாள் என்று ஒருவன் அசையாது நம்பினால், அது மருட்சி நோயாக இருக்கலாம். அதற்கு மாத்திரை வேண்டும். அறிவுரையும் அருளுரையும் அங்கே செல்லா. அவள் "இல்லை" என்று சொன்னாலும், பிறருக்கு அஞ்சி அப்படிச் சொல்கிறாள் என்றே அவன் பொருள்கொள்வான். உறவு முறிந்ததைத் தாங்காதவனிடமோ துயரமும் சினமும் பின்னிக் கிடக்கும், குடியும் சேர்ந்திருக்கலாம். அவனிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்க ஆயர் அஞ்சலாகாது. கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. மூன்றாம் வகையினனுக்கு, ஒருவர் முகத்திலும் மௌனத்திலும் உள்ள மறுப்பை அறிந்துகொள்ளும் பயிற்சியே முதல் தேவை. நம் திரைப்படங்கள் பல்லாண்டுகளாக இதற்கு நேர்மாறான பாடத்தை நடத்தி வந்துள்ளன. விரட்டுகிற நாயகனுக்கு இறுதியில் பெண் கிடைத்துவிடுகிறாள்!

எவ்வகையாயினும் சிகிச்சையில் பொதுவான வேலை ஒன்று உண்டு. அலைபேசியைக் கையில் எடுக்கும் முன்னும், அத்தெருவுக்குத் திரும்பும் முன்னும் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அவன் கவனித்துச் சொல்லப் பழகவேண்டும். தனிமையா, அவமானமா, வேலையற்ற பொழுதா? பின்பு அந்த வேதனையைப் பெண்ணிடம் கொண்டுசெல்லாமல் தாங்கும் வழிகளைக் கற்கவேண்டும். இருபது முறை தட்டியபின் ஒருமுறை கதவு திறந்தால், இருபது முறை தட்டவேண்டும் என்பதையே மனம் கற்றுக்கொள்கிறது. எனவே பதில், பரிசு, தூது, "கடைசியாக ஒரு சந்திப்பு" ஆகிய அனைத்தும் சிகிச்சையைக் கெடுப்பன. நியூயார்க்கில் பேரி ரோசன்ஃபெல்டு என்னும் உளவியலார் இத்தகைய குற்றவாளிகளுக்கு உணர்ச்சிகளை ஆளும் பயிற்சியை அளித்துப் பார்த்தார். 2007-இல் வெளியான முதல் முயற்சி நம்பிக்கை தந்தது. ஆயினும் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் இடையிலேயே நின்றுவிட்டனர். 2019-இல் வெளியான பெரிய ஆய்வில் அம்முறை வழக்கமான நடத்தைச் சிகிச்சையைவிடத் தெளிவாக மேம்பட்டதாகக் காணப்படவில்லை. ஆகவே சிகிச்சைக்குச் சென்றுவிட்டான் என்பதால் பெண் பாதுகாப்பாக இருக்கிறாள் என்று எவரும் அமைதிகொள்ளலாகாது.

இதற்கு ஒரு பழைய வழக்கே சான்று. வங்காளத்திலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்குக் கற்கச் சென்ற மாணவர் ஒருவர், தாத்தியானா தாராசாப் என்னும் பெண் தம்மை மறுத்தபின் மனம் குலைந்தார். 1969-இல் பல்கலைக்கழகத்தின் உளவியலாரிடம் சிகிச்சைக்குச் சென்று, அவளைக் கொல்லப்போவதாகவும் கூறினார். உளவியலார் வளாகக் காவலருக்கு அறிவித்தார். காவலர் அவரைப் பிடித்து விசாரித்து, அவளை விட்டு விலகியிருப்பேன் என்ற வாக்கைப் பெற்று விடுவித்தனர். பெண்ணிடமோ பெற்றோரிடமோ ஒருவரும் சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள். ஆபத்துக்குள்ளானவரைக் காக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்று 1976-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் (2017), நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்லும் அதே பிரிவில், பிறரைத் தீங்கினின்று காக்கத் தேவையான அளவு தெரிவிக்க இடமளிக்கிறது. தனி அறையில் நம்மிடம் சொல்லப்பட்டதை வெளியிடுவதில்லை என்ற நம் மரபை நாமும் மதிக்கிறோம். ஆனால் "அவள் எனக்கில்லை என்றால் எவனுக்கும் இல்லை" என்பது பாவ அறிக்கை அன்று, எச்சரிக்கை. அதைக் கேட்டபின் மௌனமாயிருக்க ஆயருக்கு உரிமையில்லை.

வாக்குறுதியை வாங்கி அனுப்பும் வழக்கம் நம்மிடமும் உண்டு. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலின்முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அந்த இளைஞனைப்பற்றி முன்னரே காவல்துறையில் முறையிடப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. பெண்ணைப் பின்தொடர்தல் 2013 முதல் இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. எனவே பெண் வீட்டார் புகார் செய்ய விரும்பினால், சபையின் பெயர் கெடும் என்று சொல்லி அவர்களைத் தடுக்கலாகாது. பல வேளைகளில் வழக்கின் அச்சமே இளைஞனை மருத்துவரிடம் கொண்டுசேர்க்கிறது.

அந்தக் குடும்பத்திடம் நாம் மறுபடியும் சென்றபோது கடிதம் எதையும் வாங்கவில்லை. பெண் வீட்டாரைச் சபையின் வேறொரு மூத்த அம்மையார் கவனித்துக்கொண்டார். இருதரப்புக்கும் ஒரே ஆயர் ஆலோசகராயிருப்பது சரியன்று என்று கண்டுகொண்டோம். இளைஞனோடு நாம் வேலூருக்குச் சென்றோம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்வது நெடுநாளைய வழக்கம். தாய்க்கும் அது உதவிற்று. மகன் உண்ணாதிருந்தால் உடனே பெண் வீட்டுக்கு ஆளனுப்பவேண்டும் என்ற பழக்கத்தை அவரும் விடவேண்டியிருந்தது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முதலில் மாதம் இருமுறை, பின்பு மாதம் ஒருமுறை அவன் மருத்துவரிடம் சென்றான். இடையில் ஒருமுறை தவறினான். அதையும் அவனே மருத்துவரிடம் சொன்னான். திரும்பும் பேருந்தில் சில வேளை, அவள் நலமா என்று நம்மிடம் கேட்பான். அதற்கு நாம் விடை சொல்வதில்லை. தறி எப்படி ஓடுகிறது என்று கேட்போம். சற்று நேரம் கழித்து, பாவு பிணைக்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லத் தொடங்குவான்.