கண்ணாடியில் பனி: உள்ளேயா, வெளியேயா?

அடைமழையில் தூத்துக்குடி துறைமுகச் சாலை. எதிரே வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். அந்த நேரம் பார்த்து காரின் முன்கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். உடனே கைத்துண்டால் துடைப்போம். மறுநிமிடமே மறுபடி பூக்கும். காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடும் குமிழ் பக்கத்திலேயே இருக்கிறது. கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் உண்டு. ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் பழக வேண்டியதே அதைத்தான்.

கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் பனி உள்ளே. நம் மூச்சும் நனைந்த உடையும் விடும் ஈரம், மழையில் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். ஏசியின் கூலிங் காயில் காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியேற்றிவிடும். நிற்கும் காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். உலர்ந்த காற்று பட்டால் கண்ணாடி தெளியும். சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் இன்னும் சீக்கிரம்.

விரலில் ஈரம் ஒட்டவில்லையா? பனி வெளியே. உப்பளங்களை ஒட்டிய சாலையில் புழுக்கமான விடியற்காலையில் ஏசியைக் கூட்டிவைத்து ஓட்டினால் இப்படி ஆகும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. இதற்கு வைத்தியமே வேறு. வைப்பரைப் போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, குளிரைக் குறைக்க வேண்டும். பதற்றத்தில் பலரும் குளிர்காற்றைக் கண்ணாடி மேலேயே முழுவேகத்தில் விடுகிறார்கள். பனி இன்னும் அடர்கிறது.

துறைமுகத்தில் நிலக்கரி குவித்திருக்கும் பக்கம் போகும்போது மட்டும் வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றையே சுழலவிடலாம். தாண்டியதும் திறந்துவிட வேண்டும். மதுரை வரை அடைத்தபடியே போனால், நாம் விட்ட மூச்சே காருக்குள் சேர்ந்து, ஓட்டுபவருக்குக் கண் சொக்கும்.

வெயில் நேரத்தில் காற்றை நேராக முகத்தில் வாங்காதீர்கள், கண் காய்ந்துவிடும். வென்ட்டைச் சற்றே மேல்நோக்கித் திருப்புங்கள். குளிர்காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். பின்சீட்டுக்காரர்களுக்கும் போய்ச் சேரும்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை திறந்துவிட்டது. புதுக் கார் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிய கார்கள் பலவற்றில் காற்றைத் திருப்பும் குமிழ் தொடுதிரைக்குள் போய்விட்டது. கொட்டும் மழையில் சாலையை விட்டுத் திரையில் கண்ணை வைக்கச் சொல்வது ஆபத்து. எந்த நிறுவனத்தின் கார் வாங்கினாலும், முன்கண்ணாடிப் பனி நீக்கத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று ஷோரூமிலேயே கேட்டு, அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.