ஊகமும் சான்றும்

மேட்டூருக்கும் தாரமங்கலத்திற்கும் இடைப்பட்டதாகிய ஜலகண்டாபுரம் நெசவால் வாழும் ஊர். எம்மூர்த் தறிக்கூடங்களில் ஒருவர் கூறுவது மற்றவர் செவியிற் படுவது அரிது. ஆயினும், முன்னாள் இரவு கண்ட தொடர்நாடகத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அத்தறியோசையையும் கடந்து கேட்கும். 'சுழல்' என்னும் இணையவழித் தொடரின் முதற்பருவம் 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்தது. இரண்டாம் பருவம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலேதான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம், அடுத்து யாது நிகழும், மறைந்து நிற்பவர் யாவர் என்று எம்மவர் கூறிய ஊகங்கள் பல. அவ்வூகங்கள் எவ்வாறு பிறக்கின்றன, எங்கே பொருந்துகின்றன, எங்கே தீமை பயக்கின்றன என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

தெருக்கூத்துக் காண்பார்க்கு இத்தகைய ஊகம் தோன்றுவதில்லை. அபிமன்யு மடிவான் என்பதை எம்மூர்ச் சிறுவரும் அறிவர். அறிந்திருந்தும் விடியுமளவும் விழித்திருப்பர். ஆண்டு முடிவினும் ஆட்டமே பெரிது. முடிவு மறைக்கப்பட்ட கதையிலோ காண்பவன் வாளா இருத்தல் இயலாது. அவனும் ஒரு துப்பறிவாளனாகின்றான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர் வரிசையுள் 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் வந்த காலத்து என் அன்னையார் பள்ளி மாணவி. குற்றம் புரிந்தாரை ஒறுப்பவர் காவற்றெய்வமாகிய கருப்பரோ, அவர் பெயரான் உலவும் மனிதரோ என்று அந்நாளில் வீடுதோறும் வழக்காடினராம். வாரம் ஒருமுறையே கதை வந்தமையின், ஏனைய ஆறு நாளும் ஊகத்திற்கே உரியவாயின என்று அன்னையார் கூறுவர்.

இவ்வூகங்களை உற்றுநோக்கின், அவை மூன்று விதிகளைப் பற்றி நிற்றல் புலனாகும். முதலாவது, காட்டப்பட்டது யாதும் காரணமின்றிக் காட்டப்படவில்லை என்பது. சுவரில் ஒரு வாள் தொங்கக் காட்டினால், அவ்வாள் பின்னர்ப் பயன்படும் என்று காண்பவன் எதிர்நோக்குகின்றான். இரண்டாவது, சொல்லாது விடப்பட்டதும் ஒரு குறிப்பே என்பது. ஒருவன் அவ்விரவில் எங்கிருந்தான் என்று ஆசிரியர் கூறாது விடின், அவன்மேல் ஐயம் எழுகின்றது. மூன்றாவது, எவன்மேல் ஐயம் சிறிதும் இல்லையோ, அன்றி எவன் அக்குற்றத்தாற் பயன் பெறுகின்றானோ, அவனே குற்றவாளியாதல் கூடும் என்பது.

கதையைப் பொறுத்தவரை இம்மூன்றும் தக்க விதிகளே. யாங்ஙனமெனின், கதைக்கு ஆக்கியோன் ஒருவன் உளன். எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்று முன்னரே தேர்ந்து அமைத்தவன் அவன். ஆகவே மறைத்ததிலிருந்து அவன் உள்ளக்கிடக்கையை உய்த்துணர்தல் அறிவுடைய செயலே.

இதற்கு மேனாட்டிற் சிறந்ததொரு சான்று உண்டு. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 'எட்வின் ட்ரூட்' என்னும் இளைஞன் மறைந்த கதையைப் பன்னிரண்டு திங்கட் பகுதிகளாக வெளியிடக் கருதி, ஆறு பகுதிகளுக்கு மட்டும் எழுதிவைத்து, 1870-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் இறந்தார். ட்ரூட் கொல்லப்பட்டானா, உயிரோடுளனா என்பதும் தெளிவாகவில்லை. அவன் தாய்மாமனாகிய ஜாஸ்பர் மீது குற்றஞ்சாட்டி, 1914-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு விளையாட்டு வழக்கே நடத்தினர். எழுத்தாளர் செஸ்டர்டன் நடுவராகவும், பெர்னார்ட் ஷா நடுவர் குழுவின் தலைவராகவும் அமர்ந்தனர். வழக்கு நகையில் முடிந்தது. ஜாஸ்பர் வெறும் எழுத்தால் ஆகிய மனிதன். அவனைப் பழித்தமையால் எவர் குடியும் கெடவில்லை.

நம் தமிழகத்தில் இவ்வினாவை எழுப்பிய பெருங்கதை கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆகும். 1950-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954-ஆம் ஆண்டு மே வரை வாரந்தோறும் வெளிவந்த இந்நாவலில், சோழ இளவரசனாகிய ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் உயிர் துறக்கின்றான். விளக்கு அணைந்து இருள் சூழ்ந்த வேளை அது. நந்தினி அருகிருந்தாள், வந்தியத்தேவன் மறைந்திருந்தான், பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் வந்திருந்தார், பாண்டியநாட்டுச் சதிகாரர் சூழ்ந்திருந்தனர். வெட்டியது எவர் கை என்பதைக் கல்கி திட்டமாகக் கூறாது விட்டார். பின்னர், 'யானே கொன்றேன்' என்று தம்மேற் பழியை ஏற்றுக்கொள்வாரும் ஒருவருக்கு மேற்பட்டோர் ஆயினர். கதை முற்றுப்பெறவில்லை எனப் பல வாசகர் கருதினமையால், ஆசிரியர் முடிவுரை ஒன்று எழுதி, கதைமாந்தர் பிற்காலத்து எய்திய நிலையை விளக்க நேர்ந்தது. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இக்கதையை இரு பகுதித் திரைப்படமாக எடுத்தபோது, பழைய வினா புதிய தலைமுறையினரிடத்து மீண்டும் தழைத்தது. எம் கல்லூரி விடுதியிலும் பல இரவுகள் இவ்வழக்கிலே கழிந்தன.

நந்தினியே கொன்றாள் என்பர் சிலர். அவள் கைவாள் அதற்கெனவே காட்டப்பட்டது என்பது அவர் வாதம். பழுவேட்டரையர் என்பர் வேறு சிலர். இவை யாவும் கதைக்குள் நின்று செய்யும் ஊகங்கள். இவற்றைக் குறைகூறுவார் எவருமிலர். இங்கு நில்லாது, 'அங்ஙனமாயின் உண்மையிற் கொன்றவர் யார்?' என்று அதே மூன்று விதிகளோடு வரலாற்றினுட் புகும்பொழுதே இடர் தோன்றுகின்றது. ஏனெனில் நந்தினி கற்பனை. ஆதித்த கரிகாலனோ உடலோடும் உயிரோடும் வாழ்ந்து, கி. பி. 970-ஆம் ஆண்டையொட்டிக் கொலையுண்டவன்.

இக்கொலைக்கு எஞ்சியுள்ள தலையாய சான்று காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு. நாவல் எந்த வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகின்றதோ, அவ்வேரியை அடுத்தே இக்கல்லும் உளது. முதலாம் இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது 987-ஆம் ஆண்டளவில், இது பொறிக்கப்பெற்றது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரை இது பெயர் சுட்டுகின்றது. அவர்தம் உடைமைகளையும் உறவினர் உடைமைகளையும் பற்றிய அரசாணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்ததும், அந்நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்திற்கு விட்டதும் இதன் செய்தி. கல்கி தம் சதிகாரர்க்குப் பெயர் கொண்டதும் இக்கல்வெட்டிலிருந்தே.

கல்லில் உள்ளது இவ்வளவே. ஏவியவர் எவர் என்றோ, காரணம் யாது என்றோ அது கூறவில்லை. இரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் உண்டு. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும். கரிகாலனோ வீரபாண்டியன் தலைகொண்டவன். ஆகவே இது பாண்டியர் பழிவாங்கல் என்பர். ஆயின் பரமேசுவரனது பட்டம் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. ஒரு பட்டம் பாண்டியனைச் சுட்ட, மற்றொன்று சோழனைச் சுட்டுகின்றது. ஒரே குடும்பத்தாரின் பட்டங்கள் இருவேறு முடிவுகட்கு இடந்தருமாயின், நாடகங் காண்பவன் தன் மனம் விரும்பியதை எடுத்துக்கொள்வான்; ஆராய்பவன் இரண்டையும் வைத்துக்கொண்டு பொறுத்திருத்தல் வேண்டும்.

அறிஞரிடையேயும் இவ்வழக்கு நிகழ்ந்தது. கரிகாலனுக்குப் பின் அரியணை ஏறியவர் அவன் சிறிய தந்தையாகிய உத்தம சோழர். அவர் சற்றேறக்குறைய பதினைந்தாண்டு ஆண்டார். கொலையாளிகளைப் பற்றிய ஆணை அவருக்குப் பின் வந்த இராசராசன் காலத்திலேயே காணப்படுதலின், உத்தம சோழரை இப்பழியினின்று விடுவித்தல் இயலாதென்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். சதாசிவ பண்டாரத்தார் இதனை மறுத்தார். நிலத்தைப் பற்றிய ஓலை இரண்டாம் ஆட்சியாண்டிற் சென்றது கொண்டு, அதற்குமுன் தண்டனையே நிகழவில்லையென முடிவு செய்தல் எங்ஙனம்? மேலும், இராசராசன் தன் மைந்தனுக்கு இட்ட பெயர் மதுராந்தகன். அஃது உத்தம சோழர்க்கும் உரிய பெயர். உத்தம சோழரின் மைந்தர் கண்டராதித்தர் இராசராசனிடம் உயர்ந்த அலுவலில் இருந்தார். உத்தம சோழரின் அன்னை செம்பியன் மாதேவியார் இராசராசன் ஆட்சியிலும் போற்றப்பெற்றார். தமையனைக் கொல்வித்தவர் குடும்பத்தை ஒருவன் இங்ஙனம் போற்றுவனோ என்பது எண்ணத்தக்கது. கல்கியோ, தூய உள்ளத்தனாகிய சேந்தன் அமுதனையே உத்தம சோழனாக முடிசூட்டி, தம் கதையளவில் அம்மன்னரைப் பழியினின்று விடுவித்துவிட்டார்.

இங்ஙனமிருப்ப, இந்நாளில் இராசராசனையும் குந்தவையையுமே ஐயுறுவாரும் உளர். 'பயன் பெற்றவர் எவர்? ஐயுறப்படாதவர் எவர்?' என்பதே அவர்தம் அளவுகோல். அது நாடகத்தின் மூன்றாம் விதியன்றோ? கல்வெட்டிற்கு நாடகாசிரியன் ஒருவன் இல்லை. அதனை வெட்டுவித்தோர் நிலத்தின் உரிமையை நிலைநாட்ட வெட்டுவித்தனரேயன்றி, நமக்குத் துப்புக்கொடுக்க வெட்டுவித்தாரல்லர். எத்துணையோ கற்கள் உடைந்தன. எத்துணையோ ஓலைகளைச் செல் அரித்தது. அங்கே காணப்படும் மௌனம் எவரும் அமைத்த மௌனம் அன்று. அதனைக் குறிப்பென்று கொள்வது, கிழிந்த ஏட்டின் ஓட்டையையும் எழுத்தென்று படிப்பதனை ஒக்கும்.

இதனை இத்துணை விரித்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எம்மூர்த் தறிக்கூடம் ஒன்றில் நூற்சிப்பம் ஒன்று காணாமற் போயிற்று. அங்கே தார் சுற்றும் இளைஞன் ஒருவன் இருந்தான், அதிகம் பேசான். தொடர்கள் பல கண்டு தேறிய நாங்கள் மாலைதோறும் கூடி ஆராய்ந்தோம். 'யாவரும் பதறுகின்றனர், அவன் மட்டும் வாய் திறவாதது ஏன்? எவர்மேல் ஐயம் இல்லையோ அவனே ஆவான்' என்றார் ஒருவர். அவன் அண்மையில் புதுச் செருப்பு வாங்கியதை நினைவூட்டியவர்களுள் யானும் ஒருவன். மூன்றாம் வாரம், அச்சிப்பம் தவறுதலாக வேறொரு சாயப்பட்டறைக்கு ஏற்றப்பட்டுக் கிடந்தமை தெரிந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுத் திருப்பூர் சென்றுவிட்டான். இன்றுவரை திரும்பவில்லை. அவன் தாயார் எம் தெருவழியே செல்லும்போது, அவர் முகத்தை யான் நேரே நோக்குவதில்லை.

அவன் பேசாதிருந்தது அவன் இயல்பு. எந்த ஆசிரியனும் அம்மௌனத்தை அவன் வாயில் வைக்கவில்லை. கதையில் ஊகம் தவறினால், அடுத்த பருவம் அதனைத் திருத்திவிடும். நாமும் நகைத்து மறப்போம். வாழ்ந்தவர்மேலும் வாழ்பவர்மேலும் ஊகம் தவறினால், அதனைத் திருத்த அடுத்த பருவம் வருவதில்லை. ஆகலின் கதைக்கு ஊகத்தை வரையாது வழங்குவோமாக. மனிதர்க்குச் சான்று வருமளவும் காத்திருப்போமாக. உத்தம சோழர்க்குச் செய்யத்தக்க நீதி இதுவே. தார் சுற்றிய அவ்விளைஞனுக்கு யான் செய்யத் தவறிய நீதியும் இதுவே.